“சாமியைக் கேவலப்படுத்திட்டாங்க” என்று ஓடிவந்தால் என்ன செய்வது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் பதினாறு வருடமாகச் செயலாளர். “அண்ணே, நம்ம சாமியக் கேவலப்படுத்திட்டானுங்க” என்று தம்பிமார் கைப்பேசியும் கையுமாக வாசலில் வந்து நின்ற நாள்கள் பல. அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று கோயில் பொறுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள். நான் செய்து பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில், படத்தைப் பார்த்துப் பேசாமல் இடத்துக்குப் போங்கள். ஒரு நாள் விடியற்காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. முனியாண்டி மேடையில், சூலத்துக்குப் பக்கத்தில் இரண்டு எலும்பு. மணி ஏழாவதற்குள் அது மூன்று குழுக்களுக்குப் போய்விட்டது. நான் டார்ச் எடுத்துக்கொண்டு போனேன். சூலத்தடியில் எலும்பு கிடந்தது உண்மைதான். ஆனால் மேடையின் பின்பக்கம் கிழிந்த சிவப்புப் பிளாஸ்டிக் பை ஒன்று கிடந்தது. அதைச் சுற்றி மஞ்சள் சோறு சிதறியிருந்தது. சிந்தியிருந்த திருநீற்றில் நாயின் கால் தடம் நாலு, அச்சு எடுத்தது போல. முந்தின இரவு பின்னால் இருக்கும் கம்பத்தில் (மலாய்க்காரர் கிராமத்தில்) கல்யாண விருந்து. படம் எடுத்த தம்பி சூலத்தை நெருங்கி எடுத்ததால் பையும் தடமும் படத்தில் விழவில்லை. அவன் பொய் சொல்லவில்லை. கண்ணில் பட்டதை எடுத்தான். பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளித்து மேடையைக் கழுவினார். நான் அதே குழுக்களில் தடத்தின் படத்தைப் போட்டேன். பழைய படத்தை அழிக்கச் சொல்லி ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேச மத்தியானம் ஆகிவிட்டது. அந்த வேலையைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

அடுத்து, நடந்தது என்ன வகை என்று பிரித்துப் பாருங்கள். இங்கேதான் நம்மில் பலர் தடுமாறுகிறோம். நம் நம்பிக்கை தவறு என்று ஒருவர் சொல்வது வேறு, நம்மை நோகடிக்கவே ஏசுவது வேறு, கோயிலில் கை வைப்பது வேறு.

தோட்டத்து வீட்டு வரிசையான லயத்துக்கு ஒருமுறை நோட்டீஸ் கொடுக்க வந்தவர் நம் தமிழர்தான், கிறிஸ்தவச் சபைக்குப் போகிறவர். கல்லை வணங்குவது பாவம் என்று அதில் போட்டிருந்தது. இளைஞர்கள் அவருடைய மோட்டார் சைக்கிள் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். எனக்கும் அந்த வரியைப் படித்தபோது நெஞ்சு எரிந்தது. என் அப்பா கடைசிவரை விழுந்து கும்பிட்ட கல் அது. ஆனாலும் சாவியை வாங்கி அவரிடம் கொடுத்தேன். அரசமைப்புச் சட்டம் 11ஆவது விதி, மதத்தைப் பின்பற்றவும் கடைப்பிடிக்கவும் எல்லாருக்கும் உரிமை தருகிறது. பரப்பும் உரிமையும் அதில் உண்டு. முஸ்லிம்களிடையே பிற மதத்தைப் பரப்புவதைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தலாம் என்று அதன் 4ஆம் உட்பிரிவு சொல்கிறது. நம் லயத்தில் நமக்கு நோட்டீஸ் கொடுப்பது அதில் வராது. வேண்டாம் என்றால் கையை நீட்டாமல் இருக்கலாம், அவ்வளவுதான். மரத்தடியில் நம் முனியாண்டி நிற்பதற்கும் இதே விதிதான் துணை.

குற்றம் என்று சட்டம் சொல்வது எதை? குற்றவியல் சட்டம் 298ஆவது பிரிவில் முக்கியமான சொல் ‘வேண்டுமென்றே’. ஒருவருடைய மத உணர்வைப் புண்படுத்த வேண்டும் என்ற திட்டமான எண்ணத்தோடு பேசினாலோ, சைகை காட்டினாலோ, ஒரு பொருளைக் கண்ணில் படும்படி வைத்தாலோ, ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். வழிபாட்டுத் தலத்தையோ புனிதப் பொருளையோ அவமதிக்கும் எண்ணத்தோடு சேதப்படுத்தினால் 295. இரண்டாண்டு வரை போகும். 2009 ஆகஸ்ட்டில் ஷா ஆலமில் கோயில் இடமாற்றத்தை எதிர்த்து வெட்டிய மாட்டுத் தலையைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்களே, அதை நாய் இழுத்துவந்த எலும்போடு சேர்த்துப் பேச முடியுமா? நமக்கு வலித்தது என்பது மட்டும் மற்றவர் மனத்தில் என்ன இருந்தது என்று காட்டாது.

நம் ஆட்களுக்குள்ளேயே இந்தச் சண்டை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். முனியாண்டிக்குக் கிடா வெட்டுவதும் சுருட்டு வைப்பதும் இந்து மதத்துக்கே அவமானம் என்று படித்த பிள்ளைகள் கூட்டத்தில் எழுந்து பேசினார்கள். பேசட்டும், கேட்டுக்கொள்வோம். ஆனால் படையல் வைக்க வந்த கிழவியைத் தடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை என்று கூட்டக் குறிப்பில் எழுதி வைத்தேன்.

சரி, தப்பு நம் பக்கம் என்றால்? அப்போது முந்திக்கொள்ளுங்கள். நம் பையன் ஒருவன் பாங்கு ஓசைக்கு வாயசைத்துக் கூத்தடித்து வீடியோ போட்டான். வயது பதினேழு. அன்று சாயங்காலமே அவனையும் அவன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு சூராவுக்கு, அதாவது பக்கத்துச் சிறிய தொழுகைக்கூடத்துக்கு, போனேன். கூட்டமாகப் போகவில்லை, மாலை துண்டு எதுவும் எடுத்துப் போகவில்லை. தொழுகை முடியும்வரை வெளியே நின்றோம். பாங்கு சொல்லும் பிலால் வந்ததும் பையனையே பேசச் சொன்னேன். அவன் மலாயில் திக்கித் திக்கி மன்னிப்புக் கேட்டான். பிலால் அவன் அம்மாவைப் பார்த்து, “அக்கா, நீங்கள் அழாதீர்கள்” என்று மலாயில் சொன்னார். அதற்குப் பிறகு அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். வீடியோவை அவர் முன்னாலேயே அழித்தான். இரண்டு நாள் தள்ளிப் போயிருந்தால் இது போலீஸ் நிலையத்தில் முடிந்திருக்கும்.

வேண்டுமென்றே செய்தது என்று தெரிந்துவிட்டால் போலீஸ் புகார் கொடுங்கள். தயங்க வேண்டாம். போகும்போது இரண்டு பேர் போதும். 2018 நவம்பரில் சுபாங் ஜெயா சீபீல்ட் மாரியம்மன் கோயிலில் கலவரம் மூண்டு, அங்கே கடமைக்கு வந்து காயப்பட்ட தீயணைப்பு வீரர் ஒருவர் அடுத்த மாதம் இறந்தே போனார். கூட்டம் சேர்ந்தபின் யார் சொல்வதையும் யாரும் கேட்க மாட்டார்கள்.

புகாரில் நீங்கள் கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். நாள், மணி, இடம். சொன்ன வார்த்தையைச் சொன்ன மொழியிலேயே எழுதுங்கள். உங்கள் விளக்கம் வேண்டாம். ‘அந்த இனத்துக்காரர்கள்’ என்று ஒருபோதும் எழுதாதீர்கள். நீலச் சட்டை போட்ட ஓர் ஆள் என்றால் நீலச் சட்டை போட்ட ஓர் ஆள்தான். இணையத்தில் வந்தது என்றால் பதிவின் முகவரி, போட்டவர் கணக்கு, நேரம் மூன்றும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அதை யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்புகிறவர் பேரிலும் 1998ஆம் ஆண்டு தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவு பாயலாம். புகாரின் நகலைக் கோயில் கோப்பில் போடுங்கள்.

அப்புறம் ஒன்று, ஆடித் திருவிழாவுக்கு முன்னால் செய்ய வேண்டியது. மக்ரிப் நேரம், அதாவது சூரியன் மறைந்ததும் தொழும் நேரம், அந்த மாதத்தில் இங்கே ஏழரை மணி வாக்கில் வரும். அந்த நேரத்தில் நம் உறுமி சத்தம் போடாமல் இருக்க, வருடத் தொடக்கத்திலேயே சூராவில் தொழுகை நேர அட்டவணை ஒன்று கேட்டு வாங்கிவிடுவேன். உறுமி மாட்டும் ஆணியிலேயே அதையும் மாட்டியிருக்கிறேன். உறுமியை எடுக்கிற கை அதைத் தள்ளித்தான் எடுக்க வேண்டும்.