மெக்சிகோ நகரத்து டாக்கோ கடையில் நண்பர்களோடு சாப்பிடும் முறை

டாக்கோ என்பது டோர்ட்டியா எனும் மெல்லிய சோள ரொட்டியில் இறைச்சி முதலியவற்றை வைத்து மடித்து உண்பது. மெக்சிகோ நகரத்தில் பெயர்பெற்ற டாக்கோ கடைகள் பெரும்பாலும் எளிய கடைகளே. நார்வார்த்தே பகுதியில் உள்ள எல் வில்சீத்தோ பகலில் கார் பழுதுபார்க்கும் பட்டறையாக இயங்கி, இரவில் டாக்கோ கடையாக மாறுகிறது. 1968 முதல் நடந்துவரும் எல் கலீஃபா தெ லெயோன், சான் ரஃபாயேல் பகுதியில் உட்கார நாற்காலிகூட இல்லாத ஒரு சிறு கடை. 2024 மே மாதம், உணவகங்களைத் தரப்படுத்தும் மிஷ்லின் வழிகாட்டி தன் நட்சத்திரத்தை அதற்கு வழங்கியது. நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து செல்வதானால் முதலில் எல் வில்சீத்தோ போன்ற கடைக்குச் செல்வதே நல்லது என்பது என் கருத்து. கலீஃபாவில் நான்கு வகை டாக்கோக்கள் மட்டுமே உண்டு, அவற்றுள் பெரும்பாலானவை மாட்டிறைச்சி என்பதால், குழுவில் எல்லோருக்கும் அது ஒத்துவராமல் போகலாம்.

கடைக்குக் கிளம்புவதற்கு முன், விடுதியறையிலேயே, யார் எதைச் சாப்பிடுவார் என்பதைப் பேசி முடித்துவிட வேண்டும். நம்மவர் குழுவில் மாட்டிறைச்சி உண்ணாதவர் ஒருவர், பன்றி இறைச்சி உண்ணாதவர் ஒருவர், சைவர் ஒருவர் என்று இருப்பது இயல்பு. டாக்கோ கடையின் விலைப்பலகையிலோ இறைச்சியின் பெயருக்குப் பதிலாக உடற்பகுதியின் பெயரோ சமைக்கும் முறையின் பெயரோதான் எழுதியிருக்கும். சுவாதேரோ, பிஸ்தெக், லெங்குவா என்பவை மாட்டிறைச்சி. பஸ்தோர், கர்னீத்தாஸ், சுலேத்தா என்பவை பன்றி. கம்பெச்சானோ என்றால் இரண்டு வகை இறைச்சி கலந்தது. மாட்டுக்கு ரெஸ், பன்றிக்கு செர்தோ அல்லது புவெர்க்கோ, கோழிக்குப் போயோ என்ற சொற்களை எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்வது அவசியம். எங்கள் குழுவில் மாட்டிறைச்சி தொடாத நண்பர் ஒருவர், நெரிசலில் கைமாறி வந்த சுவாதேரோ தட்டைப் பன்றி என்று எண்ணி வாய்வரை கொண்டுபோய்விட்டார். பக்கத்தில் நின்ற பெண்மணி தற்செயலாக அதன் பெயரைச் சொன்னதால் தப்பினார். அன்றிலிருந்து தட்டு கைக்கு வந்ததும் பெயரைக் கேட்டு உறுதிசெய்த பிறகே நாங்கள் உண்கிறோம்.

சைவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கோழி வந்து சேரலாம், ஏனெனில் இறைச்சியைக் குறிக்கும் கார்னே என்ற சொல்லைப் பலர் மாடு, பன்றி ஆகியவற்றுக்கே பயன்படுத்துகிறார்கள். பூசணிப் பூ, காளான், நோபால் கள்ளி மடல் ஆகியவற்றை டோர்ட்டியாவில் வைத்து மடித்துச் செய்யும் கெசதீயா நல்ல தேர்வு. ஆனால் இந்த நகரத்தில் கெசதீயா என்றாலே பாலாடைக்கட்டி இருக்கும் என்று நம்பக் கூடாது. கோன் கேசோ, அதாவது பாலாடைக்கட்டியுடன், என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். பன்றிக் கொழுப்பில் வேகவைத்த பீன்ஸும், இறைச்சி வாட்டிய அதே கல்லும் பொதுவான வழக்கம் என்பதால், இவற்றைக் கண்டிப்பாகத் தவிர்ப்பவருக்கு வேறு கடை பார்ப்பதே நியாயம்.

இரவு எட்டு மணிக்கு மேல் செல்லுங்கள். பஸ்தோர் இரவு உணவு. சிவந்த மசாலாவில் ஊறிய பன்றி இறைச்சித் துண்டுகளை நெடிய கம்பியில் கோபுரம்போல் அடுக்கி, நெருப்புக்கு முன் சுழலவிட்டு, வெந்த மேற்பரப்பைச் சீவியெடுப்பார்கள். ஷவர்மாவைக் கண்டவர்களுக்கு இது உடனே விளங்கும். லெபனான் முதலிய பகுதிகளிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த அந்த முறை, புவெப்லா நகரில் டாக்கோஸ் அராபெஸ் (அரபு டாக்கோ) ஆகி, பின்னர் குவஹீயோ மிளகாயும் சிவப்பு நிறம் தரும் அச்சியோத்தே விதையும் சேர்ந்து பஸ்தோர் ஆனது. டிரொம்போ எனப்படும் அந்தக் கோபுரம் பெரியதாகவும், ஓரங்கள் கருகி மொறுமொறுப்பாகவும், சீவுபவர் கை ஓயாமலும் இருக்கும் கடையைத் தேர்ந்தெடுங்கள். கூட்டம் மிகுந்த கடையில் இறைச்சி தேங்குவதில்லை. வயிற்றுக்கும் அதுவே பாதுகாப்பு.

வரிசை நெருங்கியதும் குழுவில் ஒருவர் மட்டும் பேசட்டும். "தோஸ் தெ பஸ்தோர், கோன் தோதோ, போர் ஃபவோர்" என்றால் இரண்டு பஸ்தோர், எல்லாம் சேர்த்து, தயவுசெய்து என்று பொருள். எல்லாம் என்பது வெங்காயமும் கொத்தமல்லித்தழையும், பஸ்தோரானால் பெரும்பாலும் ஓர் அன்னாசித் துண்டும். பலரும் செய்யும் தவறு, பசி வேகத்தில் ஆளுக்கு ஆறு என்று ஒரே தடவையில் சொல்லிவிடுவது. டாக்கோ உள்ளங்கை அளவே இருக்கும், சில நிமிடங்களில் ஆறிவிடும். ஆறிய டோர்ட்டியா இறுகி, கொழுப்பும் உறைந்துவிடும். ஆளுக்கு இரண்டு வாங்கி, நின்றபடியே உண்டு, மறுபடி இரண்டு கேட்பதே அங்குள்ளவர்களின் வழக்கம். நம் ஊரில் தோசையைக் கல்லிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி உண்பதன் நியாயம்தான் இங்கும்.

உண்ணும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. மூன்று விரலால் மடித்துப் பிடித்து, டாக்கோவைச் சாய்க்காமல் தலையைச் சாய்த்துக் கடித்தால் உள்ளே இருப்பது சிந்தாது. சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவிட்டு அரைத்த மாவில் செய்யும் டோர்ட்டியாவுக்குத் தனி மணம் உண்டு. முதல் கடியைச் சல்சா எனும் காரச் சாறு ஊற்றாமல் உண்டு அந்த மணத்தை அறிந்துகொள்ளுங்கள். சல்சா பற்றி நம்மவர்க்கு ஓர் எச்சரிக்கை: காரம் நமக்குப் பழக்கம் என்ற நம்பிக்கையில் கரண்டி நிறைய ஊற்றிவிடாதீர்கள். சிவப்பு காரம், பச்சை சாது என்ற கணக்கு அங்கே செல்லாது; அவகாடோபோல் வெளிறித் தெரியும் பச்சைச் சல்சாவே சில கடைகளில் கடுமையானது. தட்டின் ஓரத்தில் ஒரு துளி விட்டுச் சுவைத்த பிறகு முடிவெடுங்கள். எலுமிச்சையைத் தாராளமாகப் பிழியலாம்.

குடிப்பதற்கு ஆகுவா தெ தமரிந்தோ கேளுங்கள்; நம் பானகத்தை அறிந்தவர்களுக்கு அந்தப் புளித் தண்ணீர் பழகியதாகவே தோன்றும். அரிசியை ஊறவைத்து அரைத்து, பட்டையும் சர்க்கரையும் கலந்த ஒர்ச்சாத்தா, காரம் மீறிப்போனவர்களுக்கு உதவும்.

பல கடைகளில் உண்டு முடித்த பிறகே பணம். எத்தனை டாக்கோ என்று கேட்பார்கள். உங்கள் சொல்லை நம்பியே கணக்குப் போடுவார்கள் என்பதால், குழுவில் ஒருவர் தொடக்கத்திலிருந்தே எண்ணிவர வேண்டும். அட்டை செல்லாத இடங்கள் உண்டு. சிறிய பெசோ தாள்களை முன்னதாகவே மாற்றி வையுங்கள். பரிமாறுபவர் இருக்கும் கடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு அன்பளிப்பு வைப்பது வழக்கம். புறப்படும்போது இன்னும் உண்டுகொண்டிருப்பவர்களிடம் "ப்ரோவேச்சோ" (நன்றாக உண்ணுங்கள்) என்று சொல்லிவிட்டு, நின்ற இடத்தை அடுத்தவருக்கு விட்டுக்கொடுங்கள்.