அடர் கந்தக அமிலத்திலிருந்து 1 மோலார் கரைசல்: கணக்கும் செய்முறையும்

அடர் கந்தக அமிலப் புட்டியின் சீட்டில் 98 சதவீதம், அடர்த்தி 1.84, மூலக்கூறு எடை 98.08 என்ற மூன்று எண்கள் இருக்கும். மோலாரிட்டி, அதாவது ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் அமிலம் (மூலக்கூறு எடை அளவு கிராம் ஒரு மோல்) என்ற எண், பெரும்பாலும் இராது, அதை நாம்தான் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான். 98 சதவீதம் என்பது 100 கிராம் திரவத்தில் 98 கிராம் அமிலம் என்ற எடைக் கணக்கு. அதை 100 மி.லி.க்கு 98 கிராம் என்று எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய 10 மோலார் என்ற தவறான விடை கிடைக்கும். ஒரு லிட்டர் அமிலத்தின் எடை 1,840 கிராம், அதில் 98 சதவீதம் 1,803 கிராம், அதை 98.08 ஆல் வகுக்க வருவது 18.4 மோலார்.

நமக்கு 1 மோலார் கரைசல் 500 மி.லி. வேண்டும் என்று கொள்வோம். நீர் சேர்ப்பதால் அமிலத்தின் மோல் எண்ணிக்கை மாறுவதில்லை. ஆகவே செறிவையும் கன அளவையும் பெருக்கினால் முன்னும் பின்னும் ஒரே தொகைதான். எடுக்க வேண்டிய அமிலம் 1 × 500 ÷ 18.4 = 27.2 மி.லி. அடர்த்தியை மறந்தவர் 50 மி.லி. எடுப்பார், அவருடைய கரைசல் 1.84 மோலாராக இருக்கும்.

மீதி 472.8 மி.லி. நீரை அளந்து ஊற்றினால் போதும் என்று எண்ணக் கூடாது, ஏனெனில் இவ்விரண்டும் கலக்கும்போது மொத்தக் கன அளவு சுருங்குகிறது. கண்ணாடியும் கையுறையும் அணிந்து, பீக்கரில் சுமார் 300 மி.லி. வாலை வடிநீரை எடுத்து, அதைக் குளிர்நீர்த் தொட்டியில் வைத்து, அமிலத்தைச் சுவரோரமாகச் சிறிது சிறிதாக விட்டுக் கலக்க வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றவே கூடாது: இலேசான நீர் மேலே தங்கி, அங்கேயே கொதித்து, அமிலத்தோடு முகத்தில் தெறிக்கும்.

கரைசல் அறை வெப்பநிலைக்கு ஆறிய பிறகே 500 மி.லி. ஸ்டாண்டர்டு பிளாஸ்க்கில் (கழுத்தில் அளவுக்கோடு உள்ள குடுவை) ஊற்றி, பீக்கரைக் கழுவிய நீரையும் சேர்த்து, பிறைத்தளத்தின் (திரவத்தின் வளைந்த மேற்பரப்பின்) அடிப்பகுதி கழுத்துக்கோட்டைத் தொடும்வரை நிரப்ப வேண்டும். சூடாக இருக்கும்போதே கோடுவரை நிரப்பினால், ஆறியபின் மட்டம் கீழே இறங்கிவிடும்.

அடிக்கடி திறக்கப்பட்ட புட்டியின் அமிலம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி நீர்த்திருக்கும் என்பதால், சரிபார்க்காத கரைசலை நான் நம்புவதில்லை. உலர்த்திய நீரற்ற சோடியம் கார்பனேட் 1.06 கிராமை நீரில் கரைத்து, நிறங்காட்டியான மெத்தில் ஆரஞ்சு சேர்த்து, நிறம் மாறும்வரை நம் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் தரம் பார்த்தால், சரியான 1 மோலார் அமிலம் 10.0 மி.லி. செலவாகும். 10.2 மி.லி. செலவானால், புட்டியில் 0.98 மோலார் என்றே எழுத வேண்டும்.