யூனிவர்சிட்டிக்காரங்க வந்தா ரெக்கார்டர் ஆன் ஆகுறதுக்கு முன்னாடி

நம்ம தென்னாப்பிரிக்கா டர்பன்ல சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பக்கம் ரிசர்ச்னு சொல்லி யாராவது வந்து பெரியவங்கள பேச வச்சு பதிவு பண்ணிட்டு போறாங்க, 1860ல ஒப்பந்தக் கூலியா ட்ரூரோ கப்பல்ல வந்ததுலேர்ந்து நிறவெறி காலத்துல கேட்டோ மேனர்ல வீட்ட விட்டு கிளப்புன வரைக்கும். நல்ல வேலை, பதிவாகணும். ஆனா எங்க ஆயாகிட்ட ஒருத்தர் அவங்க தாத்தாவோட பழைய பேப்பர், நாலா மடிச்சு மடிப்புல கிழிஞ்சு கூலிக்கு வந்தவங்களுக்கு போட்ட காலனியல் நம்பர் மட்டும் மையில தெளிவா இருக்கும், ஸ்கேன் பண்ணி தர்றேன்னு வாங்கிட்டு போனார், திரும்பவே வரல. ஆயா கடைசி வரைக்கும் அந்த அலமாரிய தொறந்து தொறந்து பாத்தாங்க.

அதனால மொதல்ல, எந்த பேப்பரும் போட்டோவும் வீட்ட விட்டு போகக்கூடாது. உங்க மேசையிலயே வச்சு படம் எடுத்துக்கட்டும்.

அப்புறம் எத்திக்ஸ் கமிட்டி அனுமதி லெட்டர் கேளுங்க, கேக்க கூச்சப்படாதீங்க, நம்ம நாட்டுல மனுஷங்கள வச்சு ஆராய்ச்சி பண்ண அது வேணும். கையெழுத்து கேக்குற ஃபாரத்த தமிழ்ல வாய்விட்டு படிச்சு சொல்ல சொல்லுங்க, ஒரு ராத்திரி வச்சு யோசிங்க. குரலுக்கு ஒரு சம்மதம், போட்டோவுக்கு வேற, பேர் போடுறதுக்கு வேற. பாதியில வேணாம்னு தோணுனா நிறுத்தலாம், அது உங்க உரிமை. போப்பியாங்கற தனிநபர் தகவல் பாதுகாப்பு சட்டப்படி உங்களப் பத்தி என்ன வச்சிருக்காங்கன்னும் கேக்கலாம்.

நம்ம நாட்டு பழங்குடி சான் மக்கள் பட்டது நமக்கும் பாடம். பசி தாங்க அவங்க மென்ன ஹூடியா செடிய வச்சு இங்க உள்ள அரசாங்க ஆராய்ச்சி நிறுவனம் சிஎஸ்ஐஆர் அவங்கள கேக்காமலே பேட்டண்ட் எடுத்துச்சு, பெரிய சத்தம் கெளம்பின பிறகுதான் 2003ல பங்கு தர ஒப்பந்தம் ஆச்சு. 2017ல அவங்களே ஆராய்ச்சிக்காரங்களுக்கு விதிமுறை எழுதி வச்சாங்க, மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை, முறைன்னு. நம்ம கோயில் சபைகளும் ஒரு பக்கம் எழுதி வைக்கலாமே?

ஆடி மாசம் மாரியம்மனுக்கு கூழ் ஊத்துற போரிட்ஜ் பிரேயர வீடியோ எடுக்கணும்னு வந்தா வீட்டுக்காரங்க சரின்னாலும் சபைய கேக்கணும், ஏன்னா அது ஒரு வீட்டு விஷயம் இல்ல, எல்லாரும் கும்புடுற இடம். தமிழ்லேர்ந்து இங்கிலீஷ்க்கு மாத்துற வேலைக்கு நம்ம பிள்ளைங்கள கூப்பிட்டா கூலி தரணும். எழுதினத முடிக்கிறதுக்கு முன்னாடி கோயில் ஹால்ல வந்து வாசிச்சு காட்டணும், அந்த தேதிய மொத நாளே ஃபாரத்துல எழுதி வாங்கிடுங்க.

ரெக்கார்டிங் காப்பி பென் டிரைவ்ல கைக்கு வந்ததும் அங்கயே போட்டு கேளுங்க. ஒண்ணு வீட்டுல, இன்னொண்ணு சபை பீரோவுல, மேல யார் குரல், என்னிக்கு எடுத்ததுன்னு எழுதி ஒட்டி வைங்க.