ஜிலேபிக் கெண்டையில் மயக்க மருந்துகளின் உடலியல் விளைவை ஒப்பிடும் முறை

பண்ணை மீனுக்குத் தடுப்பூசி போடவும், எடை பார்க்கவும், சினை மீனைக் கையாளவும் மயக்க மருந்து வேண்டியிருக்கிறது. டிரைகெயின் எனப்படும் எம்எஸ்-222, கிராம்பு எண்ணெய் ஆகிய இரண்டில் எது மீனின் உடலை அதிகம் அலைக்கழிக்கிறது என்று சோதிக்க விரும்புவோர் முதலில் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். இரண்டு மருந்தையும் ஒரே மில்லிகிராம் கணக்கில் கொடுத்தால் கிடைப்பது ஒப்பீடு ஆகாது. சமமாக இருக்க வேண்டியது மயக்கத்தின் ஆழம்.

ஆகவே ஒரு முன்சோதனை அவசியம். ஒரு நாள் தீனி நிறுத்திய, ஒரே எடையுள்ள மீன்களை எடுத்து, லிட்டருக்கு 40 முதல் 150 மில்லிகிராம் வரை அளவைப் படிப்படியாக உயர்த்திப் பாருங்கள். மூன்று நிமிடத்துக்குள் சமநிலை இழந்து, வாலடியைக் கிள்ளினாலும் அசையாமல், ஆனால் செவுள் மூடி மெதுவாக அசைந்துகொண்டே இருந்து, நல்ல நீரில் விட்டதும் ஐந்து நிமிடத்துக்குள் எழுந்து நீந்தினால், அதுவே அந்த மருந்துக்கு உரிய அளவு. வெப்பநிலை மாறினால் இந்த அளவும் மாறும் என்பதால், எல்லாத் தொட்டிகளிலும் வெப்பநிலை ஒன்றாகவே இருக்கட்டும்.

டிரைகெயின் நீரை அமிலமாக்கும். எடைக்கு எடை இரண்டு பங்கு சோடியம் பைகார்பனேட், அதாவது ஆப்பசோடா, சேர்த்துப் பிஎச்சைச் சரிசெய்த பிறகே மீனை விட வேண்டும். கார்பனேட் குறைந்த மென்னீரில் ஒருமுறை இதைச் செய்யாமல் விட்டுவிட்டேன். மீன்கள் துள்ளித் தொட்டிச் சுவரில் உரசின. மருந்தின் குணம் என்றே குறித்துக்கொண்டேன். பிஎச் மீட்டரை இறக்கிப் பார்த்த பிறகுதான் அது அமிலத்தின் எரிச்சல் என்று தெரிந்தது. அன்றைய தரவு முழுவதையும் விலக்க நேர்ந்தது. கிராம்பு எண்ணெயோ நீரில் எளிதில் கரையாது. ஒரு பங்கு எண்ணெயை ஒன்பது பங்கு எத்தனாலில் கரைத்து, சிறு புட்டியில் நீரோடு குலுக்கிய பிறகு தொட்டியில் ஊற்றுங்கள்.

இதனால்தான் மருந்துக் குழுக்கள் இரண்டோடு, எத்தனால் மட்டும் கலந்த நீரில் விட்ட குழு, வலையில் பிடித்து வெறும் நீருக்கு மாற்றிய குழு, எதற்கும் ஆளாகாமல் பிடித்தவுடன் இரத்தம் எடுத்த குழு ஆகிய மூன்றும் தேவைப்படுகின்றன. பிடித்த தொந்தரவு எவ்வளவு, மருந்தின் வேலை எவ்வளவு என்று பிரிக்க வேறு வழியில்லை.

வாலில் உள்ள சிரையிலிருந்து, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் தடவிய சிரிஞ்சால் இரத்தம் எடுங்கள். மயங்கியவுடன், பிறகு 1, 6, 24 மணி நேரத்தில், ஒவ்வொரு முறையும் வேறு மீனிலிருந்து எடுக்க வேண்டும். ஒரே மீனில் மீண்டும் எடுத்தால் ஊசி குத்திய பதற்றமே அளவில் ஏறிவிடும்.

இரத்தத்தில் கிடைக்கும் அளவுகளைப் படிப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். அட்ரினலின், கார்டிசோல் இரண்டும் பதற்றத்தில் சுரக்கும் ஹார்மோன்கள். அட்ரினலின் நொடிகளில் உயர்கிறது. கார்டிசோல் சில நிமிடங்கள் கழித்தே உயரத் தொடங்குகிறது. குளுக்கோஸ் அதற்கும் பின்னால் வருகிறது. ஆகவே உடனடி மாதிரியில் கார்டிசோல் குறைவாக இருப்பது மீன் அமைதியாக இருந்ததற்குச் சான்றாகாது. மெட்டோமிடேட் என்னும் மற்றொரு மயக்க மருந்து கார்டிசோலை உருவாக்கும் நொதியையே தடுக்கிறது. அதில் மீன் எவ்வளவு தவித்தாலும் எண் உயராது. செவுள் அசைவு குறைந்து ஆக்சிஜன் போதாமல் போகும்போது மண்ணீரல் சுருங்கிச் சிவப்பணுக்களை வெளியேற்றும், அணுக்களும் வீங்கும், ஹீமட்டோகிரிட், அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, ஏறும். அப்போது சிரிஞ்சில் வரும் இரத்தம் கருஞ்சிவப்பாக இருப்பதைக் கண்ணாலேயே காணலாம். ஆகையால் ஹீமட்டோகிரிட், ஆக்சிஜன் போதாதபோது உடலில் சேரும் லாக்டேட் ஆகிய இரண்டையும் நிமிடத்துக்கு எத்தனை செவுள் அசைவு என்ற கணக்கோடு சேர்த்தே படியுங்கள். கிராம்பு எண்ணெயில் மீன் தெளிய அதிக நேரம் பிடிப்பது வழக்கம். அந்த நேரத்தையும் விளைவாகவே எழுத வேண்டும்.

சோதித்த மீனைச் சந்தைக்கு அனுப்பக்கூடாது. அமெரிக்காவில் டிரைகெயினுக்கு 21 நாள் காத்திருப்பு விதி உண்டு. கிராம்பு எண்ணெய்க்கு உணவு மீனில் அங்கு அனுமதியே இல்லை. இரத்தம் எடுக்காத சில மீன்களைக் குழுவுக்கு ஒரு தொட்டியாக விட்டுவைத்து, மறுநாள் தீனி போட்டதும் எத்தனை மீன் மேலே வருகிறது என்பதையும் தொட்டிவாரியாகக் குறித்துவையுங்கள்.