ரசிகர் கூட்டத்தைப் பரவலாக்கப்பட்ட தளங்களில் சேர்ப்பது எப்படி: சர்வர் வேண்டாம், ஒரு மேட்ச் போதும்

நாலு வருஷமாக வளர்த்த ஒரு ரசிகர் பக்கம் ஒரே காலையில் காணாமல் போனதைப் பார்த்தவன் நான். எந்தத் தளம் என்பது இங்கே முக்கியமில்லை. யாரோ ஒரு கோல் வீடியோவைப் போட்டார், காப்புரிமைப் புகார் வந்தது, பக்கம் முடங்கியது, யாரிடம் முறையிடுவது என்றே தெரியவில்லை. பதிவுகள் போனதைவிட, எங்களோடு கண்விழித்து மேட்ச் பார்த்த ஆட்களை இனி எங்கே போய்த் தேடுவது என்று நின்றதுதான் வலித்தது. எல்லாம் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கக்கூடாது என்று கட்டப்பட்ட சமூகத் தளங்களான மாஸ்டடான், புளூஸ்கை, லெம்மி பக்கம் நான் வந்தது அதனால்தான். இந்தத் தளங்களில் ஒரு விளையாட்டு ரசிகர் கூட்டத்தைச் சேர்க்க நினைப்பவர்களுக்காக, கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

மாஸ்டடானும் லெம்மியும் பலர் தனித்தனியாக நடத்தும், ஒன்றோடொன்று பேசும் சர்வர்களில் ஓடுகின்றன, யார் வேண்டுமானாலும் ஒன்றைத் தொடங்கலாம். ஆனால் முதலில் ஒன்று: உடனே சொந்த சர்வர் போடாதீர்கள். எல்லோருக்கும் முதலில் தோன்றும் ஆசை அதுதான், நம் அணியின் பெயரில் ஒரு டொமைன் (இணைய முகவரி), நம் நிறத்தில் ஒரு பக்கம் என்று. ஆனால் மாஸ்டடானில் உங்கள் சர்வர் எதை அறிந்திருக்கிறதோ அதைத்தான் உங்களுக்குக் காட்டும். உங்கள் சர்வரில் உள்ள யாராவது ஃபாலோ செய்யும் ஆட்களின் பதிவுகள் வந்து சேரும், மற்றவை பெரும்பாலும் வராது. அதனால் மூன்று பேர் இருக்கும் புது சர்வரில் அணியின் ஹேஷ்டேக்கைத் தட்டினால், வெளியே நூறு பேர் பேசிக்கொண்டிருந்தாலும் உங்களுக்கு வெறுமையாகத் தெரியும். வந்த ரசிகர் 'இங்கே யாரும் இல்லை' என்று நினைத்துத் திரும்பிப் போய்விடுவார். ஏற்கெனவே ஆள் நடமாட்டம் உள்ள, விதிகளைத் தெளிவாக எழுதி வைத்திருக்கும் ஒரு சர்வரில் கணக்குத் தொடங்குங்கள். கூட்டம் சேர்ந்து, ராத்திரி சர்வர் விழுந்தால் எழுந்து பார்க்கவும் மாதச் செலவைப் பகிரவும் ரெண்டு மூணு பேர் கிடைத்த பிறகு சொந்த சர்வரை யோசிக்கலாம்.

எந்தத் தளம் என்பது கூட்டம் எப்படிப் பேசுகிறது என்பதைப் பொறுத்தது. மேட்ச் நடக்கும்போதே கத்துகிற கூட்டமா? மாஸ்டடானோ புளூஸ்கையோ சரி. மேட்ச் முடிந்தபின் ஆற அமர அலசுகிற கூட்டமா? லெம்மி பொருந்தும், ஒரு தலைப்பின் கீழ் நூறு பதில்கள் கிளை கிளையாக நிற்கும். மாஸ்டடானும் லெம்மியும் ஆக்டிவிட்டிபப் என்ற ஒரே நெறிமுறையை, அதாவது சர்வர்கள் தங்களுக்குள் பதிவுகளைப் பரிமாறும் ஒரே மொழியைப் பேசுகின்றன (2018-இல் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு அதைப் பரிந்துரைத் தரமாக ஏற்றது), எனவே மாஸ்டடானில் இருப்பவரும் லெம்மி குழுவைப் பின்தொடர முடியும். புளூஸ்கை பேசுவது ஏடி புரோட்டோகால் என்ற வேறு மொழி. இரண்டுக்கும் நடுவே பிரிட்ஜி ஃபெட் என்ற பாலம் இருக்கிறது, அதன் பாட் (தானியங்கி) கணக்கை ஃபாலோ செய்தால் உங்கள் பதிவுகள் அந்தப் பக்கமும் போகும்.

அடுத்தது ஹேஷ்டேக். இதில்தான் நேரம் செலவழியுங்கள். மாஸ்டடான் முகப்பில் உங்களை ஊருக்கெல்லாம் தூக்கிக் காட்டும் அல்காரிதம் கிடையாது, பதிவுகள் வந்த வரிசையில்தான் ஓடும். ஆட்கள் உங்களைக் கண்டுபிடிக்க ஹேஷ்டேக்தான் முக்கிய வழி, 4.0 பதிப்பிலிருந்து ஹேஷ்டேக்கையே ஃபாலோ செய்யவும் முடியும். அதனால் அணிக்கென்று ஒரே ஒரு டேக், நிரந்தரமாக. அதில் சீசன் வருஷத்தைச் சேர்த்துவிடாதீர்கள், அடுத்த வருஷம் எல்லோரையும் மறுபடி முதலிலிருந்து சேர்க்க வேண்டிவரும். அதோடு, நேரலைப் பேச்சுக்கு மட்டும் தனியாக ஒரு டேக் வையுங்கள். வேலையில் மாட்டிக்கொண்டு மேட்சைப் பிறகு பார்க்க இருப்பவர் அந்த ஒரு டேக்கை மட்டும் ஃபில்டரில் போட்டு மறைத்துக்கொள்வார். மாஸ்டடான் ஃபில்டருக்குக் காலக்கெடு வைக்கலாம், ஒரு நாள் என்று வைத்தால் மறுநாள் தானாக விலகிவிடும். இந்த வசதியை எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள், ஸ்கோர் தெரிந்துபோய்விட்டதே என்ற சண்டை பாதி குறையும். முடிவைச் சொல்லும் பதிவுக்கு, தட்டினால்தான் விரியும்படி மறைக்கும் உள்ளடக்க எச்சரிக்கை போட்டால் மீதியும் குறையும்.

புளூஸ்கையில் இதே வேலையை ஃபீடும் (ஒரு விஷயம் பற்றிய பதிவுகளைத் திரட்டிக் காட்டும் பட்டியல்) ஸ்டார்ட்டர் பேக்கும் (புதியவருக்கான கணக்குகளின் தொகுப்பு) செய்கின்றன. அணிப் பெயர், வீரர்கள் பெயர், உங்கள் டேக் எதுவாவது வந்தால் பிடித்துக்கொள்ளும் ஃபீட் ஒன்றை நீங்களே அமைக்கலாம், நிரலாக்கம் தெரியாதவர்களுக்கும் கருவிகள் உண்டு. ஸ்டார்ட்டர் பேக்கில் 150 கணக்குகள் வரை அடுக்கலாம், புதிதாக வருபவர் ஒரே தட்டலில் அத்தனை பேரையும் ஃபாலோ செய்துகொள்வார். அதில் பெரிய பெயர்களை நிரப்பாமல், பதில் போடுகிற ஆட்களை நிரப்புங்கள். அதிகாரப்பூர்வ கிளப் கணக்கு உங்கள் ரசிகருக்குப் பதில் சொல்வது அரிது, உங்கள் பக்கத்து ரசிகர் சொல்வார்.

சரி, மேட்ச் நாள். ஒரு மணி நேரம் முன்பே ஒரு பதிவு போடுங்கள்: யார் விளையாடுகிறார்கள், எத்தனை மணிக்கு, எந்த டேக். நேரலையில் அந்தப் பதிவுக்குக் கீழேயே தொடருங்கள். மாஸ்டடானில் கோல், விக்கெட் போன்ற பெரிய தருணங்களை மட்டும் பொதுப் பதிவாகவும், மற்ற அரட்டையை 'அமைதியான பொது' என்ற அமைப்பிலும் போடுங்கள். அப்படிப் போட்டவை ஹேஷ்டேக் பட்டியலில் வராது, விளையாட்டில் ஆர்வமில்லாத மற்றவர்களும் உங்கள் சர்வர்மீது எரிச்சல்பட மாட்டார்கள். முதல் சில மேட்சுகளில் நீங்களும் இன்னும் ரெண்டு பேரும்தான் இருப்பீர்கள். இருக்கட்டும். யார் வந்து ஒரு வரி எழுதினாலும் அன்றே பதில் போடுங்கள். மேட்ச் இல்லாத மாதங்களுக்கும் ஒரு வழக்கம் வேண்டும், வாரம் ஒரு பழைய மேட்சைச் சேர்ந்து பேசுவது எங்களுக்கு நன்றாகவே வந்தது.

தோற்ற ராத்திரிதான் கூட்டத்துக்கு உண்மையான சோதனை. 2021 ஜூலையில் யூரோ இறுதிப் போட்டியில் இங்கிலாந்து பெனால்டியில் தோற்றபோது, வாய்ப்பைத் தவறவிட்ட ராஷ்ஃபோர்ட், சான்சோ, சாக்கா மூவர்மீதும் இணையத்தில் கொட்டிய இனவெறியை நினைத்துப் பாருங்கள். உங்கள் இடத்தில் அது நடக்கக்கூடாது என்றால், விதியை ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே எழுதி வையுங்கள்: ஆட்டத்தைத் திட்டலாம், ஆளின் நிறம், சாதி, மதம், குடும்பம் பக்கம் போனால் நீக்கம். ஒருவரே மாடரேட்டராக (விதியை மீறும் பதிவுகளைக் கவனிப்பவராக) இருந்தால் அவரும் அந்த ராத்திரி சோகத்தில் இருப்பார், எனவே குறைந்தது மூன்று பேர். லெம்மியில் குழு மாடரேட்டர் பதிவையே நீக்கலாம். மாஸ்டடானில் நீங்கள் புகார் அனுப்பினால் சர்வர் அட்மின்தான் முடிவெடுப்பார், அதனால் அவரோடு முன்கூட்டியே பழகி வையுங்கள். புளூஸ்கையில் மற்றவர் பதிவை நீங்கள் அழிக்க முடியாது, ஆனால் உங்கள் ஃபீடிலிருந்து விலக்கலாம், எல்லோரும் பயன்படுத்தும்படி ஒரு பிளாக் பட்டியலும் வைக்கலாம். மேட்ச் வீடியோக்களை மறுபதிவேற்றம் செய்ய விடாதீர்கள், உரிமையாளர் வெளியிட்ட இணைப்பு போதும். புகார் வந்து நிற்பது உங்களுக்கு இடம் கொடுத்த அட்மினின் வாசலில்.

கடைசியாக, வெளியேறும் வழி. மாஸ்டடானில் சர்வர் மாறினால் ஃபாலோயர்கள் கூடவே வருவார்கள், பழைய பதிவுகள் வராது. லெம்மியில் குழு ஒரு சர்வரோடு கட்டப்பட்டது, பெரிய லெம்மி சர்வர் ஒன்று 2025 ஜூனோடு மூடப்பட்டபோது அதிலிருந்த குழுக்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. அதனால் அணிக் கூட்டத்துக்கென ஒரு டொமைன் வாங்கி, எந்த எந்தத் தளத்தில் இருக்கிறோம் என்று அதில் ஒரு பக்கம் போடுங்கள். அதே டொமைனைப் புளூஸ்கையில் உங்கள் கணக்கின் பெயராகவும் வைத்துக்கொள்ளலாம், பெயரை மாற்றினாலும் ஃபாலோயர்கள் போக மாட்டார்கள். டொமைனின் கடவுச்சொல் ரெண்டு பேரிடமாவது இருக்கட்டும். மாதம் ஒருமுறை ஃபாலோ பட்டியலை ஏற்றுமதி செய்து பத்திரப்படுத்துங்கள், ஐந்து நிமிஷ வேலை, நான் அதை மாதத்தின் முதல் மேட்ச் அன்று செய்துவிடுகிறேன்.