குக்கர் விசில் அடிக்கும்போது கதையை எங்கே நிறுத்துவது?

வீட்டிலிருந்து நாவல் எழுதுபவர்களுக்கு எழுந்து போகும் நேரம் பெரிய நஷ்டமில்லை. திரும்பி வந்து "எங்கே விட்டேன்?" என்று தேடும் கால் மணி நேரம்தான் நஷ்டம். ஆகவே யாராவது கூப்பிட்டால் அவசரமாகப் பத்தியை முடித்துவைக்காதீர்கள். வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு, கீழே அடைப்புக்குறிக்குள் ஒரு வரி எழுதுங்கள்: யார், எங்கே, அடுத்து என்ன.

[செல்வி வாசலில். கடிதம் இடுப்பில். மாமியார் பார்த்துவிட வேண்டும்.]

இவ்வளவு போதும். "அடுத்து சண்டை" என்று மொட்டையாக எழுதினால், இரண்டு நாள் கழித்து உங்களுக்கே விளங்காது.

கை மாவில் இருக்கிறதா? செல்போனில் குரல்வழித் தட்டச்சைப் போட்டுச் சொல்லுங்கள். ல, ள, ழ குழம்பலாம், நிறுத்தற்குறி வராமல் போகலாம். அன்றிரவே திருத்திவிடுங்கள், தள்ளிப்போட்டால் பாதி வரி புதிராகிவிடும்.

மார்கழியில் விடிகாலை கோலத்துக்கும் கோயிலுக்கும் போய்விடும். ரமலானில் சஹர் எனும் விடியலுக்கு முந்தைய உணவும் தராவீஹ் எனும் இரவுத் தொழுகையும் தூக்கத்தைத் தின்னும். கிறிஸ்தவர்களின் தவக்காலத்தில் வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை வழிபாடு உண்டு. அந்த நாட்களில் புது அத்தியாயம் தொடங்குவது வீண் பிடிவாதம். அச்செடுத்த பக்கங்களைப் பேனாவால் திருத்துங்கள். பத்து நிமிடம் கிடைத்தாலும் வேலை நகரும்.

கணக்கையும் அப்படியே போடுங்கள். வருடத்தின் 52 வாரங்களில் 12-ஐப் பண்டிகை, பரீட்சை, கல்யாணம், காய்ச்சலுக்கு முன்பே கழித்துவிடுங்கள். மீதி 40 வாரம், வாரம் 5 நாள், நாளுக்கு 200 சொல் என்றால் 40,000 சொற்கள். விட்டுப்போன நாளை மறுநாள் 400 ஆக்கி ஈடுகட்டப் பார்க்காதீர்கள், அதுவும் முடியாமல் போனால் மூன்றாம் நாளே கடன் 600 ஆகிவிடும்.