மூன்று விதமான ‘ட்’: தேயிலை ஸ்டோரில் பழகிய இங்கிலீஷ் இறந்தகாலம்

தேயிலை ஸ்டோரை, அதாவது தேயிலைத் தொழிற்சாலையை, சுற்றிப் பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு விளக்கம் சொல்கிற வேலையைக் கொஞ்ச நாள் பார்த்தேன். கொழுந்து பறிப்பதில் தொடங்கி பெட்டியில் அடைப்பது வரை வரிசையாகச் சொல்ல வேண்டும். நான் சொன்னதோ ‘பிளக்கெட், ரோல்லெட், பேக்கெட்’. கடைசிச் சொல்லைக் கேட்டதும் ஒரு வயதான அம்மா பையைத் திறந்து காசை எடுத்துவிட்டார். தேயிலை பக்கெட் (பொட்டலம்) விற்கிறேன் என்று நினைத்திருக்கிறார். அடைத்தோம் என்பதற்கு ‘பேக்ட்’ என்று ஒரே அசையில் முடித்திருக்க வேண்டும், நான் நடுவில் ஒரு ‘எ’யைச் செருகி வேறு சொல்லாக்கிவிட்டேன்.

நம்மில் பாதிப் பேர் செய்கிற பிழை இதுதான். பள்ளிக்கூடத்தில் ஈ, டி என்ற இரண்டு எழுத்தையும் ஒட்டினால் இறந்தகாலம் என்று எழுதக் கற்றுக்கொண்டோம், வாயால் எப்படிச் சொல்வது என்று அங்கே யாரும் நின்று சொல்லித் தரவில்லை. ஆகவே எழுத்தில் இருக்கிற ‘ஈ’யை விட மனசு வராமல் எல்லாவற்றுக்கும் ‘எட்’ போட்டுவிடுகிறோம்.

எழுத்தில் ஒன்றுதான் என்றாலும் வாயில் அது மூன்று. இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், தமிழில் நாலு வைத்திருக்கிறோம். செய்தான், உண்டான், தின்றான், ஓடினான் என்று பாருங்கள், த், ட், ற், இன் என்று நான்கு இடைநிலை. எதற்கு எது என்று யோசித்தா பேசுகிறீர்கள்? இங்கிலீஷ்காரரும் யோசிப்பதில்லை. வினைச்சொல் எந்தச் சத்தத்தில் முடிகிறதோ அதைப் பார்த்து நாக்கு தானாக முடிவெடுக்கிறது.

முதலில் ஒரு சங்கடத்தைத் தீர்த்துக்கொள்வோம். தமிழில் ட் ஒரே எழுத்து, ஆனால் சத்தம் இரண்டு. ‘பாட்டு’ என்று சொல்லுங்கள், அப்புறம் ‘பாடு’ என்று சொல்லுங்கள். முதலாவது இறுக்கமாக வெடிக்கிறது, இரண்டாவது தொண்டை அதிர மெதுவாக விழுகிறது. (யாழ்ப்பாணத்துப் பக்கம் இன்டர்நெட்டை ‘இன்ரநெற்’ என்று எழுதுவார்கள், இறுக்கமான சத்தத்தைப் பிரித்துக் காட்ட அதுவும் ஒரு வழி.) இங்கே நான் ‘பாட்டு ட்’, ‘பாடு ட்’ என்றே சொல்லப் போகிறேன். மூன்றாவது ‘இட்’.

மூன்றாவதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும், ஏனென்றால் அது சரியானால் முக்கால்வாசி வேலை முடிந்தது. வினைச்சொல் ஏற்கெனவே ஏதாவது ஒரு ட் சத்தத்தில் முடிந்தால் மட்டும்தான் ‘இட்’ வரும். காரணம் சாதாரணம்தான், ட்-க்கு மேல் இன்னொரு ட்-ஐ ஒட்டி யாராலும் சொல்ல முடியாது, அதனால் நடுவில் ஓர் உயிர் வந்து நிற்கிறது. வான்ட் என்பது வான்டிட், நீட் என்பது நீடிட், வெய்ட் என்பது வெய்டிட். மேசையில் விரலால் தட்டிப் பாருங்கள், வான்ட் ஒரு தட்டு, வான்டிட் இரண்டு தட்டு. மற்ற எந்த ஒழுங்கான வினைச்சொல்லுக்கும் தட்டு கூடாது. குக் ஒரு தட்டு, குக்ட் என்பதும் ஒரே தட்டு. விரல் இரண்டாவது தரம் இறங்கினால் நீங்கள் ‘குக்கெட்’ என்று சொல்லிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

மீதி இரண்டுக்கும் தொண்டையில் கை வைத்துப் பார்க்க வேண்டும். வினையின் கடைசிச் சத்தத்தை மட்டும் இழுங்கள். ‘ஸ்ஸ்’, ‘ஃப்ஃப்’, ‘ஷ்ஷ்’ என்றால் கையில் அதிர்வு இருக்காது, வெறும் காற்றுதான். க், ப், ச் போன்ற இறுக்கமான சத்தங்களும் அதே கூட்டம். இவற்றுக்குப் பின்னால் பாட்டு ட் வரும்: குக்ட், ஸ்டொப்ட், வொஷ்ட், வொட்ச்ட். ‘வ்’, ‘ம்’, ‘ன்’, ‘ல்’, ‘ர்’, உயிரெழுத்துகள் எல்லாம் கையில் குறுகுறுக்கும், அவற்றுக்குப் பாடு ட்: லிவ்ட், கிளீன்ட், கோல்ட், பிளேய்ட். எழுத்தைப் பார்க்காதீர்கள், சத்தத்தைக் கேளுங்கள். லாஃப் என்ற சொல்லின் எழுத்தில் ஃப் எங்குமே கிடையாது, சத்தத்தில் ஃப் இருப்பதால் லாஃப்ட் என்று பாட்டு ட்டில் முடிகிறது. எழுத்தில் எஸ் இருக்கிற குளோஸ் என்ற வினையோ தேனீ மாதிரி அதிர்ந்து முடியும், அதனால் அதற்குப் பாடு ட்.

இனி ஸ்டோருக்குள் வாருங்கள். என் விளக்கத்தை நான் சரிசெய்த விதம் இப்படித்தான், ஒவ்வொரு கட்டத்தையும் நடந்துகொண்டே சொல்வேன். மலையில் பறித்தது பிளக்ட், பாட்டு ட். தராசில் நிறுத்தது வெய்ட், பாடு ட். மேல்மாடியில் வாட்டியது விதர்ட், பாடு. உருட்டியது ரோல்ட், அதுவும் பாடு. அடுத்தது ஃபெர்மென்டிட், இது ‘இட்’. காற்றோடு சேர்ந்து நிறம் மாறுவதுதான் நடக்கிறது, சரியாகச் சொன்னால் ஒக்சிடைஸ்ட், ஆனால் ஸ்டோரில் எல்லாரும் பழைய சொல்லைத்தான் சொல்கிறோம். உலர்த்தியது ட்ரைட், பாடு. சலித்தது சிஃப்டிட், தரம் பிரித்தது கிரேடிட், இரண்டும் ‘இட்’. அடைத்தது பேக்ட், பாட்டு. ஒரு கோப்பைத் தேநீருக்குள் மூன்றும் இருக்கிறது, தனியாகப் பயிற்சிப் புத்தகம் எதற்கு? ஸ்டோர் பக்கமே போகாதவர்கள் சமையல் செய்துகொண்டே இதைப் பழகலாம், சொப்ட், ஃப்ரைட், டேஸ்டிட் என்று.

நிறுவையில் கொஞ்சம் நில்லுங்கள், அங்கே ஒரு பொறி இருக்கிறது. கொழுந்தை நிறுத்தேன் என்பதும் வெய்ட், நிறை என்பதும் வெய்ட், காத்திரு என்பதும் வெய்ட். தமிழில் எழுதினால் மூன்றும் ஒன்று, காதுக்கு அப்படியில்லை. நிறைக்கும் காத்திருப்புக்கும் பாட்டு ட், உயிர் சட்டென்று வெட்டுப்படும். நிறுத்தேன் என்பதற்குப் பாடு ட், அதற்கு முன் இருக்கிற உயிர் கொஞ்சம் நீளும், ‘வெஎய்ட்’ என்று இழுபடும். கடைசி ட்-ஐ எவ்வளவு முயன்றாலும் மென்மையாக்க வராதவர்கள் இந்த இழுப்பை மட்டும் செய்தால் போதும், கேட்பவருக்குப் புரிந்துவிடும். காத்திருந்தேன் என்றால் வெய்டிட், அதில் குழப்பமே இல்லை.

இப்படிச் சொல் மோதுகிற இடங்களை விட்டால், பாட்டு ட்டையும் பாடு ட்டையும் மாற்றிச் சொன்னதற்காக யாரும் உங்களைத் திருப்பிக் கேட்கப் போவதில்லை என்பது என் அபிப்பிராயம். தேவையில்லாத ‘எட்’ காதில் குத்தும். அதைவிட மோசம் ட்-ஐ முழுக்க விழுங்குவது, ‘யெஸ்டடே ஐ குக்’ என்றால் நேற்றும் இன்றும் ஒன்றாகிவிடும். நமக்கு இன்னொரு பழக்கமும் உண்டு, பஸ்ஸை ‘பஸ்ஸு’ ஆக்குவது போல சொல்லின் கடைசியில் ஓர் உகரத்தை விடுவது, ‘குக்டு’ என்று. அதற்கு ஒரு வைத்தியம் சொல்கிறேன்.

பால், ஆறு சேர்ந்தால் பாலாறு ஆகிறதே, அதே புணர்ச்சியை இங்கே செய்யுங்கள். வினைக்குப் பின்னால் உயிரில் தொடங்கும் சொல் ஒன்றை வைத்தால் ட் அதன் மேல் ஏறிக்கொள்ளும், உகரத்துக்கு இடமே இருக்காது. ‘லிவ்ட் இன் ஹட்டன்’ என்பது ‘லிவ்-டின் ஹட்டன்’. ‘ஸ்டொப்ட் அட் தலவாக்கலை’ என்பது ‘ஸ்டொப்-டட் தலவாக்கலை’. ‘பிக்ட் இட் அப்’ என்பது ‘பிக்-டி-டப்’. பின்னால் மெய்யில் தொடங்கும் சொல் வந்தால் ட் லேசாகத் தொட்டுவிட்டுப் போகும், சில நேரம் கேட்கவே கேட்காது, அது இங்கிலீஷ்காரர் வாயிலும் அப்படித்தான்.

சொற்கள் பழகிய பிறகு கதையாகச் சொல்லிப் பாருங்கள். நான் பழகிய கதை நம் மலையின் கதைதான். நம் மலையில் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லர் 1852இல் இலங்கைக்கு வந்தார், அரைவ்ட், பாடு. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை நட்டார், பிளான்டிட். பங்களா வராந்தாவில் கொழுந்தைக் கையால் உருட்ட வைத்தார், ரோல்ட். 1869இல் கோப்பியில் நோய் தோன்றியது, அப்பியர்ட். அது கோப்பித் தோட்டங்களை அழித்தது, டெஸ்ட்ரோய்ட். டெய்லர் 1892இல் இறந்தார், டைட். இதுவரை பாட்டு ட் ஒன்றுகூட வரவில்லை, கவனித்தீர்களா? நம் பாட்டன் பூட்டன் கதைக்கு வந்தால்தான் அது வருகிறது. கோப்பிக் காலத்திலேயே தமிழ்நாட்டிலிருந்து கடலைக் கடந்தார்கள், கிரோஸ்ட். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள், வோக்ட். அப்புறம் வந்தவர்கள் கொழுந்து பறித்தார்கள், பிளக்ட்.

எழுதும்போது கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். ஈ-யில் முடிகிற சொல்லுக்கு டி மட்டும், கேரி (தூக்குவது) மாதிரி மெய்க்குப் பின் வை என்ற எழுத்து வந்தால் அது போய் ஐ என்ற எழுத்து வரும், ஸ்டொப் மாதிரிக் குட்டைச் சொல்லில் கடைசி எழுத்து இரட்டிக்கும். கோ (போவது), பை (வாங்குவது), செல் (விற்பது) போன்ற அடங்காத வினைகள் இந்தக் கணக்கிலேயே சேராது. நேக்கிட், விக்கிட், குரூக்கிட் என்று பண்பைச் சொல்கிற சில பழைய சொற்கள், அடிச்சொல் ட்-இல் முடியாவிட்டாலும், ‘இட்’ வாங்கிக்கொள்ளும், அவை கொஞ்சம்தான் அன்றாடப் பேச்சில் வரும், மனப்பாடம் செய்துவிடலாம்.

இரவு படுக்கப் போகுமுன் அன்றைக்கு நடந்ததை ஐந்து வாக்கியத்தில் போனில் பதிவு செய்யுங்கள். மழை பெய்தது, ரெய்ன்ட். பஸ்ஸுக்குக் காத்திருந்தேன், வெய்டிட். அம்மாவோடு பேசினேன், டோக்ட். கேட்பதை மறுநாள் காலையில் வைத்துக்கொள்ளுங்கள், அப்போதே கேட்டால் சொல்ல நினைத்ததுதான் காதில் விழும், சொன்னது விழாது. கேட்கும்போது கையில் பேனையோடு தட்டை எண்ணுங்கள். முதல் வாரம் என் பதிவில் டோக்கெட் மூன்று தரம் வந்தது, அதில் ஒரு தரம் சிரித்துக்கொண்டே திருத்தப் போய் டோக்கெட்டிட் என்று சொல்லியிருந்தேன்.